அஞ்சு ரோல வெட்டினதால மிச்சம் ஏழும் என் தலையில

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

திருப்பூர்ல பத்து மிஷின் போட்டு சின்னதா பனியன் யூனிட் நடத்துறேன். 180 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை உள்ள காட்டன் துணி 300 கிலோ வேணும்னு வாட்ஸ்அப்ல ஆர்டர் போட்டேன், அவங்களும் ஓகேன்னாங்க, 12 ரோல் வந்து இறங்குச்சு, அவசரத்துல செக் பண்ணாம அஞ்சு ரோல விரிச்சு கட்டிங் போட்டுட்டோம். அப்புறம்தான் மாஸ்டர் தொட்டுப் பாத்துட்டு மெல்லிசா இருக்குதுங்களேன்னாரு. ஜிஎஸ்எம் கட்டர்ல சதுர மீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி தராசுல வச்சா 1.8 கிராம் காட்டணும், 1.6தான் காட்டுச்சு. அதாவது 160.

சப்ளையருக்கு போன் போட்டா, "கிலோவுக்குத்தானுங்க வாங்குறீங்க, மெல்லிசா இருந்தா பீஸ் அதிகம் வரும், உங்களுக்கு லாபம்தானே"ங்கிறாரு! என்கிட்ட டி-ஷர்ட் வாங்குறவரு 180னு பேசித்தான் ரேட் குடுத்திருக்காரு, அவருகிட்ட இந்தக் கதைய சொன்னா விடுவாரா.

வக்கீல் ஒருத்தரப் பாத்தேன். 1930ம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டப்படி, சொன்ன சரக்கு வரலைன்னா வேண்டாம்னு சொல்ல நமக்கு உரிமை இருக்கு, திருப்பி ஏத்தி அனுப்புற வேலை கூட நம்மளுது இல்ல, தகவல் சொன்னா போதும், அவங்கதான் வந்து எடுத்துக்கணும். கேட்டதுக்கு மேல அனுப்பினாலும் கூடுதல மட்டும் வேண்டாம்னு சொல்லலாம், மொத்தத்தையும் கூட வேண்டாம்னு சொல்லலாம். சந்தோசமா கேட்டுட்டு இருந்தனுங்க. "ஆனா நீங்க வெட்டிட்டீங்களே"ன்னாரு. வெட்டினா சரக்க ஏத்துக்கிட்டதா அர்த்தமாம், ஒரே ஆர்டர்ங்கிறதால வெட்டாத ஏழு ரோலையும் இனி தள்ள முடியாதாம், வெலயில குறைக்கச் சொல்லலாம், இல்ல நஷ்டஈடு கேக்கலாம், அவ்வளவுதான்.

துணி விக்கிறவங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. சரக்க மாசக்கணக்குல வச்சிருந்துட்டு பணம் கேக்கும்போது மட்டும் குத்தம் சொல்ற ஆளுங்க நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்க, நானும் ரெண்டு பேருகிட்ட அப்படி பட்டிருக்கேன். துணி தயாரிக்கிறவங்க குறு, சிறு தொழில்ல பதிஞ்சிருந்தா 2006ம் வருஷத்து சட்டப்படி, சரக்கு வந்து 15 நாளைக்குள்ள எழுத்துல ஆட்சேபம் சொல்லணும், போன்ல கத்தினது கணக்குல வராது. சொல்லலைன்னா சரக்கு வந்த நாளே ஏத்துக்கிட்ட நாள். ஒப்பந்தம் எப்படி போட்டாலும் ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து 45 நாளைக்கு மேல பணத்த இழுத்தா ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்துல மூணு மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. நான் பதினோராவது நாள் மெயில் போட்டதால தப்பிச்சேன், இப்ப வெலை குறைப்பு பேசிட்டு இருக்கோம்.

எனக்கு ஒரே கோரிக்கைதான். பில்லுல வெறும் "காட்டன் துணி 300 கிலோ"ன்னு மட்டும் போடுறாங்க. ஜிஎஸ்எம், அகலம், கலர் லாட் நம்பர் (எந்தத் தடவை சாயம் போட்ட துணிங்கிற நம்பர்) மூணையும் பில்லுலயே போடணும்னு நம்ம ஊரு சங்கங்கள் சொல்லணும். அந்த வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் இல்லைன்னா 180 கேட்டேன்னு நிரூபிக்க என்கிட்ட ஒண்ணுமே இருந்திருக்காதுங்க.

இப்படிக்கு,
பனியன் யூனிட்காரர், திருப்பூர்