நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

ஆய்வகத்தின் பொறுப்பில் இருக்கும் நாங்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. வேதியியல் மேசையில் ஏதாவது சிந்தினால் நிறமோ நெடியோ காட்டிக்கொடுத்துவிடும். நம் மேசையில் சிந்துவது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் கிருமி வளர்க்கும் தட்டில் முளைத்து நிற்கும், அவர் தன் கைதான் சரியில்லை என்று நினைத்து முதலிலிருந்து தொடங்குவார். அதனால்தான் இங்கே நடந்ததை உடனே சொல்வதை எல்லாவற்றுக்கும் மேலான ஒழுக்கம் என்கிறோம்.

கல்ச்சர் (வளர்த்த கிருமி) உள்ள குழாய் கீழே விழுந்து உடைந்தால் முதலில் பக்கத்தில் இருப்பவர்களை விலகச் சொல்லுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, சிந்திய இடம் முழுவதையும் காகிதத் துண்டுகளால் மூடுங்கள். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்து அன்றைக்கே கலக்கிய கரைசலை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஊற்றுங்கள். நடுவில் ஊற்றினால் கிருமி வெளிப்பக்கம் ஓடும். வேகமாக ஊற்றினால் நுண்துளிகள் காற்றில் கிளம்பும். இருபது நிமிடமாவது அப்படியே விட வேண்டும். உடனே துடைத்துவிட்டால், பாதி உயிரோடு இருக்கும் கிருமியை மேசை முழுக்கத் தேய்த்ததுதான் மிச்சம். கண்ணாடிச் சில்லுகளை இடுக்கியால் மட்டும் எடுங்கள். கையுறை இருக்கிறதே என்று விரலால் எடுக்காதீர்கள். பிறகு எங்களிடம் சொல்லுங்கள். சிந்தியதற்காக யாரையும் திட்டமாட்டோம், மதிப்பெண்ணிலும் கைவைக்கமாட்டோம். இதை எழுத்திலேயே தருகிறோம்.

அடுத்தது பெயரில்லாத தட்டுகள். பெயர், தேதி, உயிரி, மீடியா (கிருமி வளரும் ஊட்டக் கலவை) நான்கையும் தட்டின் அடிப்பாகத்தில், ஓரத்தை ஒட்டிச் சின்ன எழுத்தில் எழுதுங்கள். மூடியில் எழுதக் கூடாது. இரண்டு தட்டைச் சேர்த்துத் திறந்தால் மூடி மாறிவிடும், கல்ச்சர் அடித்தட்டோடுதான் இருக்கும். இன்குபேட்டருக்குள் (இளஞ்சூட்டில் கிருமி வளர்க்கும் பெட்டி) தலைகீழாக வையுங்கள். இல்லாவிட்டால் மூடியில் கோத்த நீர்த்துளி அகார் என்ற கூழ் மீடியா மேல் சொட்டி, தனித்தனியாக வளர்ந்த காலனிகளை (கிருமிக் கூட்டங்களை) ஒன்றாகக் கரைத்துவிடும். பெயரில்லாத தட்டில் என்ன வளர்கிறது என்று எங்களால் ஊகிக்க முடியாது. அதை ஆபத்தானதாகவே கருதி, அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் போட்டுவிடுவோம், அது யாருடைய ஒரு வார உழைப்பாக இருந்தாலும். பச்சைப் பொடி போலப் பூஞ்சை படர்ந்த தட்டைத் திறந்து தோழருக்குக் காட்டாதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். மூடியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வித்துகள் கிளம்பிப் பக்கத்துத் தட்டுகளில் உட்காரும்.

மேசை துடைக்க 70 சதவீத ஆல்கஹால் வைத்திருக்கிறோம். அடர்த்தி கூடினால் இன்னும் நன்றாகக் கொல்லும் என்று நினைத்து, தண்ணீர் கலக்காததை ஊற்றி வைக்கிறீர்கள். புரதத்தைக் குலைக்க ஆல்கஹாலுக்குத் தண்ணீர் துணை வேண்டும். தண்ணீரே இல்லாவிட்டால் வேலை முடியும் முன்பே ஆவியாகியும் விடும். 70 சதவீதமும்கூட பேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளைக் கொல்லாது. பரப்பும் கண்ணாடிக் கம்பியை ஆல்கஹாலில் தோய்த்துத் தீயில் காட்டும்போது இன்னும் கவனம் தேவை. எரியும் கம்பியை மறந்துபோய் மறுபடி பீக்கரில் விட்டால் பீக்கர் பற்றிக்கொள்ளும், வெளிச்சத்தில் அந்தத் தீ சரியாகத் தெரியவும் தெரியாது. கொஞ்சமாக ஊற்றுங்கள், பர்னரிலிருந்து தள்ளி வையுங்கள், பீக்கரை மூடுமளவு ஒரு கண்ணாடித் தட்டு அருகிலேயே இருக்கட்டும். தீப்பிடித்தால் மூடினாலே போதும். ஊத வேண்டாம்.

ஆட்டோகிளேவில் 121 டிகிரி, சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். மீடியாவுக்கு 15 நிமிடம், கழிவுப் பைக்கு 30 நிமிடமாவது வேண்டும். பையை இறுகக் கட்டினால் நீராவி உள்ளே போகாது. வெளியே ஒட்டிய டேப் கறுத்திருக்கும், நடுவில் இருக்கும் தட்டு உயிரோடு இருக்கும். டேப் கறுத்தால் சூடு பட்டது என்றுதான் பொருள். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், மூடியை ஒரு சுற்று தளர்த்திவிடுங்கள். அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வரும் முன் திறந்தால் அகார் பொங்கி வழியும், முகத்திலும் அடிக்கும். ப்ளீச் ஊற்றிய எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

நுண்ணோக்கியின் எண்ணெய் லென்ஸில் பார்த்தபின் லென்ஸ் தாளால் துடையுங்கள். எண்ணெய் இருக்கும் ஸ்லைடின் மேல் 40 மடங்கு லென்ஸைத் திருப்பாதீர்கள்.

வாசலில் லேப் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டுப் போகச் சொன்னால் சிலருக்குச் சலிப்பு. 2011-இல் அமெரிக்காவில் சால்மோனெல்லா டைஃபிமூரியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி 38 மாநிலங்களில் 109 பேரைத் தாக்கியது, ஒருவர் இறந்தார். மருத்துவ ஆய்வகங்களும் மாணவர் பயிற்சி ஆய்வகங்களும்தான் அதற்குத் தொடர்பு என்று தெரியவந்தது. நோயுற்றவர்களில் ஆய்வகத்துக்குள் காலே வைக்காத குழந்தைகளும் இருந்தார்கள். அவர்கள் ஆய்வகத்தில் படிப்பவர், வேலை செய்பவர் வீட்டுக் குழந்தைகள். 2014-லும் 2017-லும் இதே மாதிரி மறுபடி நடந்தது. ஆகவே பேனா, மார்க்கர், குறிப்பேடு எல்லாம் உள்ளேயே தங்கட்டும். கைபேசி பைக்குள், பை அறைக்கு வெளியே. கையுறையைக் கழற்றிய பிறகும் சோப்பால் கை கழுவுங்கள், கையுறையில் ஊசித்துளை இருந்தால் தெரியாது.

இவற்றில் ஏதாவது நடைமுறையில் முடியவில்லை என்றால், கோட் மாட்ட இடம் போதவில்லை, ப்ளீச் தீர்ந்துவிட்டது, சோப்பு இல்லை என்றால், கதவருகே இருக்கும் பதிவேட்டில் எழுதுங்கள். அதைத் தினமும் காலையில் படிப்பது எங்கள் வேலை.

அன்புடன்,
ஆய்வகப் பொறுப்பாளர்கள்