வசந்திக்கு, அந்த மோதிரம் பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று முதல் பக்கத்தில் படித்ததும் மனசுக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டாம் பக்கம் அதைக் கலைத்துவிட்டது. 31 வருஷம் உழைத்து, ஓய்வு பெற்ற கையோடு, முதல் தடவையாக உனக்கென்று நீ வாங்கிக்கொண்ட மோதிரம் அது. லூஸாக இருக்கிறதே என்று சின்னதாக்கக் கொண்டுபோன இடத்தில் ஒருவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, “இது வைரம் மாதிரி தெரியலையே அம்மா” என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தூக்கமில்லை என்கிறாய். எப்படி வரும்?

நல்லவேளை, மோதிரத்தை அங்கே விட்டுவிடாமல் கையோடு எடுத்து வந்தாய். இனி யாரிடமும் சின்னதாக்க, பாலிஷ் போட, கழுவக்கூடக் கொடுக்காதே. நீ வாங்கியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும். நடுவில் ஒருவர் கை வைத்துவிட்டால், “நாங்கள் கொடுத்த கல் இது இல்லை, வழியில் மாறியிருக்கும்” என்று விற்றவர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

உன் தம்பி மகன் சொன்ன சோதனைகளையும் தயவுசெய்து செய்யாதே. கண்ணாடியைக் கீறினால் வைரம் என்றானாமே. கடினத்தை ஒன்றிலிருந்து பத்து வரை சொல்லும் மோஸ் அளவில் சாதாரணக் கண்ணாடி ஐந்தரை சுமார். படிகக்கல் 7, அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்கிற கியூபிக் சிர்கோனியா எட்டுக்கு மேல். எல்லாமே கண்ணாடியைக் கீறும். தண்ணீரில் போட்டால் எல்லாக் கல்லும் மூழ்கும். ஊதிப் பார்த்து ஆவி எவ்வளவு சீக்கிரம் மறைகிறது என்று பார்ப்பதில் கொஞ்சம் அர்த்தம் உண்டு, வைரம் செம்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் வேறு கல்லும் இருக்கிறது, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். சுத்தியலால் தட்டிப் பார்ப்பது எல்லாவற்றையும்விட மோசம். வைரத்தின் கடினம் 10 என்பது கீறலைத் தாங்குவதைப் பற்றிய கணக்கு. அடியைத் தாங்குவது வேறு விஷயம். வைரத்துக்குள் நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு, அதற்கு நேராக அடி விழுந்தால் அசல் வைரமும் பிளந்துவிடும். பரிசோதித்தே நல்ல கல்லைத் தொலைத்தவர்கள் உண்டு.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன்னிடம் கூட இத்தனை நாள் சொல்லவில்லை. ஏழு வருஷம் முன்னால் நான் வாங்கிய கம்மல் உனக்கு ஞாபகம் இருக்கும், தங்கை வீட்டு விசேஷத்தில் நீதான் முதலில் பார்த்து “என்னமா மின்னுதுடி” என்றாய். அந்த மின்னல்தான் எனக்குச் சந்தேகத்தையே கொடுத்தது. மாலை வெயில் பட்டால் சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சிதறும், சோப்புக் குமிழி மாதிரி. அளவுக்கு மீறி வானவில் தெரிகிறதே என்று, அருகில் இருந்த ஒரு நகைப் பட்டறையில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து முனையைக் கல்லில் வைத்தார். பீப் என்று சத்தம், பச்சை விளக்கு. “வைரம்தான், போங்கம்மா” என்றார். நானும் நிம்மதியாக வந்துவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து, திருகாணி தேய்ந்துபோனதால் வேறொருவரிடம் போனேன். அவர் ரத்தினக்கல் படிப்பு முறையாகப் படித்தவர், கல் வாங்குவதும் இல்லை விற்பதும் இல்லை, பரிசோதிப்பது மட்டும்தான் தொழில். கம்மலைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பில் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றும் சொல்லாமல் லூப்பை என் கையில் கொடுத்தார். “நேராகப் பார்க்காதீங்க, கல்லைக் கொஞ்சம் சாய்த்து, பக்கத்துப் பட்டை வழியாகக் கீழே பாருங்க” என்றார். மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். அடியில் பட்டைகள் சேரும் ஒவ்வொரு கோடும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது, பக்கத்தில் பக்கத்தில் ஓடும் தண்டவாளம் போல. மேசை மாதிரித் தட்டையாக இருக்கும் மேல்பட்டை வழியாக நேரே பார்த்தால் இந்த இரட்டை தெரிவதில்லை, சாய்த்தால்தான் தெரிகிறது. வைரத்தில் ஒளி ஒரே கதிராகப் போகும், அதனால் கோடு ஒன்றாகவே தெரியும். என் கல்லில் ஒளி இரண்டாகப் பிரிந்தது. அது மாய்சனைட்.

சிலிக்கன் கார்பைடுதான் அது. 1893-இல் அரிசோனாவில் விண்கல் விழுந்த இடத்தில் எடுத்த மாதிரியில் ஹென்றி முவாசான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கண்டுபிடித்தது, அவர் பெயரே அதற்கு வந்தது. இயற்கையில் மிக மிக அரிது, நகையில் வருவது முழுக்கத் தயாரித்த கல். 1990-களின் கடைசியில்தான் நகைக்கு வந்தது. கடினம் ஒன்பதேகால், வண்ணச் சிதறல் வைரத்தைவிட இரு மடங்குக்கும் அதிகம். வெப்பத்தையும் நன்றாகக் கடத்துவதால் வெப்பத்தை மட்டும் அளக்கும் பேனா அதைப் பார்த்தும் பீப் என்று கத்தும். மின்சாரம் கடத்துவதையும் சேர்த்து அளக்கும் கருவிகள் இருக்கின்றன, அவை பெரும்பாலும் பிடித்துவிடும். முதல் பட்டறைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. அவருடைய கருவிக்கு அவ்வளவுதான் தெரியும்.

உன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. போலி என்ற ஒரே வார்த்தையில் மூன்று வேறு வேறு விஷயங்கள் அடங்கிவிடுகின்றன, எது நடந்தது என்று தெரியாமல் விற்றவரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. ஒன்று, என் கம்மல் போல வேறு பொருள். இரண்டாவது, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த வைரம். இதைக் கண்ணாடிக்கல் வகையில் சேர்க்காதே. 1954-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கார்பனை வைரமாக்கினார்கள், இப்போது வாயுவிலிருந்து படலம் படலமாகவும் வளர்க்கிறார்கள். அது அசல் கார்பன், அதே கடினம், அதே மின்னல். லூப்பில் பார்த்து யாராலும் உறுதியாகப் பிரிக்க முடியாது, பேனாக் கருவியும் வைரம் என்றே சொல்லும். ஆய்வுக்கூடத்துப் பெரிய கருவிகளுக்குத்தான் தெரியும். ஆனால் விலை வெகுவாகக் குறைவு. இயற்கை என்று சொல்லி இதைக் கொடுத்திருந்தால் அது ஏமாற்று. ஆய்வுக்கூட வைரம் என்று பில்லிலேயே எழுதியிருந்தால், நீ கவனிக்காமல் வாங்கியிருக்கிறாய், அதற்கு விற்றவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. மூன்றாவது, இயற்கை வைரம்தான், ஆனால் உள்ளே இருந்த விரிசலைக் கண்ணாடி போன்ற பொருளால் நிரப்பி மறைத்தது. பட்டறையில் சூடு காட்டினால் அந்த நிரப்பல் கெட்டுவிடும். சின்னதாக்கக் கொடுக்காதே என்று முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

உனக்குச் சொன்னவர் விளக்கில் பார்த்ததோடு சரி. கண்ணுக்கு அனுபவம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழுக்கு படிந்த நல்ல வைரமும் மங்கலாகத்தான் தெரியும், கைக் கிரீம், சோப்பு எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெட்டு சரியில்லாத அசல் வைரமும் உயிரில்லாமல் இருக்கும். அதனால் அவர் வார்த்தையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சரி, இப்போது காகிதங்களுக்கு வா. பில், சான்றிதழ், டப்பா, கடைக்காரர் அனுப்பிய செய்திகள், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றையும் ஒரே கவரில் போடு, ஒவ்வொன்றையும் படமும் எடுத்து வை. பில்லில் இயற்கை வைரம் என்று இருக்கிறதா, வெறும் வைரம் என்றா, கல் என்றா? ஒவ்வொரு வார்த்தையாகப் படி. என் பில்லில் “கல் வைத்த கம்மல் ஒரு ஜோடி” என்று மட்டும்தான் இருந்தது வசந்தி. வாயால் வைரம் என்றார்கள், நான் எழுத்தில் கேட்கவில்லை. அதனால்தான் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உன்னிடம் சான்றிதழ் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய், அது பெரிய பலம். ஆனால் யார் கொடுத்தது என்று பார். விற்றவரே அச்சடித்துக் கொடுத்த மதிப்பீட்டுக் காகிதத்தை வைத்துக் கல் எது என்று நம்ப முடியாது. ஜிஐஏ, ஐஜிஐ போன்ற தனி ஆய்வுக்கூடம் கொடுத்தது என்றால், அதிலுள்ள எண்ணை அவர்களுடைய இணையதளத்தில் போட்டால் அறிக்கை வரும். கையிலிருக்கும் காகிதமும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

காகிதம் உண்மை என்றாலும் கல் அந்தக் காகிதத்தின் கல்தானா என்பது தனிக் கேள்வி. பல கற்களின் விளிம்பில், தலைமுடியைவிட மெல்லிய எழுத்தில், அறிக்கை எண்ணை லேசரால் பொறித்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் திருப்தியாகிவிடாதே. இயற்கை வைரத்தின் எண்ணை ஆய்வுக்கூட வைரத்தின் விளிம்பில் பொறித்து வந்ததை ஜிஐஏ-வே பிடித்திருக்கிறது. அறிக்கையில் அகலம், உயரம் எல்லாம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை இருக்கும். உள்ளே இருக்கும் புள்ளிகள், இழைகளின் இடமும் படமாகச் சில அறிக்கைகளில் உண்டு. அவற்றோடு உன் கல்லை ஒப்பிட வேண்டும். நீ ஒரு காரட் என்று எழுதியிருந்தாய். ஒரு காரட் என்பது 0.2 கிராம், நன்றாக வெட்டிய வட்ட வைரம் என்றால் குறுக்கே 6.5 மில்லிமீட்டர் சுமார். கல்லைக் கழற்றி நிறுத்தால், அதே அளவு கியூபிக் சிர்கோனியா அதைப்போல் 1.6, 1.7 மடங்கு கனக்கும். தராசு இந்த இடத்தில் உண்மையைச் சொல்லும். ஆனால் கழற்றுவதை நீயாக முடிவு செய்யாதே, பரிசோதகர் பார்த்துச் சொல்லட்டும்.

யாரிடம் போவது என்றால், கல் வாங்கி விற்காத ஒரு ரத்தினக்கல் பரிசோதகரிடம். விற்றவர் “எங்கள் ஆளிடமே காட்டலாம்” என்பார், வேண்டாம். “பழசைக் கொடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்” என்று சொல்லும் கடையும் வேண்டாம். உன் கல் போலி என்று சொல்வதில் அவர்களுக்கு லாபம் இருக்கலாம். போனதும் உன் சந்தேகத்தைச் சொல்லாதே, “இது என்ன கல் என்று தெரிய வேண்டும்” என்று மட்டும் கேள். உன் கண் முன்னால் பார்க்கச் சொல். விட்டுவிட்டு வரவேண்டி வந்தால், அளவும் அடையாளமும் எழுதிய ரசீது வாங்கு. லூப் வழியாக ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள். திரும்ப வாங்கும்போது அதே கல்தானா என்று ஒப்பிட்டுக்கொண்டு வா. கூச்சப்படாதே, நல்ல பரிசோதகர்கள் இதைக் கேட்டுக் கோபப்படுவதில்லை. அவர் வைரம் என்றே சொன்னாலும், இயற்கையா வளர்த்ததா என்பதற்கு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். முழு அறிக்கைக்குப் பெரும்பாலும் கல் தனியாக இருக்க வேண்டும், மோதிரத்தில் இருக்கும்போது எடையையும் நிறத்தையும் சரியாக அளக்க முடியாது.

எழுத்தில் அறிக்கை கையில் வந்த பிறகுதான் விற்றவரிடம் பேசு. ஆனால் திருப்பித் தரும் காலக்கெடு ஏதாவது பில்லில் இருந்தால் அதை இன்றைக்கே பார், கெடு நெருங்கினால் “கல்லைப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வந்ததும் பேசுகிறேன்” என்று எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடு. கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் ஆட்சேபம் சொல்லவும் நாள் கணக்கு உண்டு, அதையும் கேட்டுவை. பேசும்போது திருடன் என்று ஆரம்பிக்காதே. அவரையும் மேலே இருந்தவர் ஏமாற்றியிருக்கலாம். பில், அறிக்கை இரண்டின் நகலையும் வைத்து, நீ கொடுத்த பணம் முழுசாகத் திரும்ப வேண்டும் என்று தேதி போட்டுக் கேள். வேறு நகை மாற்றித் தருகிறேன் என்றால் உடனே தலையாட்டாதே. பணம் கைக்கு வரும்வரை மோதிரத்தையும் அசல் அறிக்கையையும் விட்டுக்கொடுக்காதே. அவர் மறுத்தால் நுகர்வோர் குறைதீர்க்கும் அமைப்பு இருக்கிறது. தெரிந்தே செய்தது என்று தெரிந்தால் காவல்துறைக்கும் போகலாம், நான் கூட வருகிறேன்.

என் கம்மல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வைரம் என்று சொல்லி விற்றுவிடு என்று ஒருவர் யோசனை சொன்னார், மனசு வரவில்லை. டப்பாவுக்குள் “மாய்சனைட்” என்று எழுதிய சீட்டை வைத்திருக்கிறேன், எனக்குப் பின்னால் எடுப்பவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று. இப்போதும் போட்டுக்கொள்கிறேன்.

என் செய்தி, போன மாதம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். உலகமே கழுவிவிட்டது போல இருக்கிறது, இந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதுகிறேன். வலது கண்ணுக்கு அடுத்த மாதம்.

பில்லையும் சான்றிதழையும் இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிடுகிறேன், அதற்குள் மோதிரத்தை டப்பாவில் போட்டுப் பூட்டிவிடு.

அன்புடன்,
சுமதி