சாளை பிடிக்காத நேரத்தில்

அன்புள்ள பொன்னிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் அம்மாவும் போனில் பேசியதில் பாதி மீனைப் பற்றித்தான் போல. தூத்துக்குடிப் பெண்ணுக்கு மீன் வாடையே ஆகவில்லை என்றால் உன் அம்மாவுக்குத் தாங்குமா? உன்னை வயிற்றில் சுமந்தபோது சோறு வடிக்கிற மணத்துக்கே அவள் வாசலுக்கு ஓடுவாள். அதெல்லாம் இப்போது அவளுக்கு ஞாபகமில்லை.

மீனுக்குப் பதிலாக ஆளி விதையும் சியாவும் சாப்பிடுகிறேனே, அது போதாதா, ஒமேகா 3 மாத்திரையும் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். மருந்துக்கடையில் யாராவது கேட்டிருந்தால் இரண்டு வரியில் முடித்திருப்பேன். உனக்குக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நம் உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலங்கள் இரண்டு. ஒன்று லினோலெயிக், ஒமேகா 6 வகை. நல்லெண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அது தாராளமாக இருக்கிறது, அதைத் தேடிப் போக வேண்டாம். மற்றது ஆல்ஃபா லினோலெனிக், ஒமேகா 3 வகை. ஆளியில் இருப்பது இதுதான். கர்ப்பிணிக்கு நாளுக்கு 1.4 கிராம் என்பது அமெரிக்கக் கணக்கு. பொடித்த ஆளி ஒரு மேசைக்கரண்டி போட்டாலே அது வந்துவிடும், அதோடு நிறுத்திக்கொள். ஆனால் விதையை முழுசாக விழுங்காதே, பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும். வாணலியில் படபடவென்று வெடிக்கிற வரை லேசாக வறுத்து, உளுந்து, மிளகாய் வற்றல், பூண்டு, உப்போடு பொடித்துவிடு. இட்லிப் பொடிக்கு அருமையாக இருக்கும். கொஞ்சமாகப் பொடித்து ஃபிரிட்ஜில் வை. எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடு.

ஆனால் ஆளி மீனுக்கு ஈடாகாது. பிள்ளையின் மூளையிலும் கண்ணிலும் போய்ச் சேர்வது டிஹெச்ஏ என்கிற வேறொரு ஒமேகா 3. ஆளியிலிருந்து உடம்பு அதைச் செய்துகொள்ளும்தான், ஆனால் ரொம்பச் சொற்பம். சாளையிலும் அயிலையிலும் அது தயாராகவே இருக்கிறது. மீனுக்கும் அது சொந்தச் சம்பாத்தியம் இல்லை, கடலில் உள்ள நுண்பாசியிலிருந்து இரை வழியாக வந்து சேர்வது. அந்தப் பாசியையே வளர்த்து எண்ணெய் எடுத்து இப்போது மாத்திரையாக விற்கிறார்கள். மீன் உள்ளே இறங்குகிற வரை உனக்கு அதுதான் சரி.

வாங்கும்போது பாட்டிலின் முன்பக்கத்தை நம்பாதே. மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். பின்னால் திருப்பினால் இபிஏ (அதுவும் ஒரு ஒமேகா 3தான்) 180, டிஹெச்ஏ 120 என்று பொடி எழுத்தில் இருக்கும். மீதியெல்லாம் வெறும் எண்ணெய். கர்ப்பிணிக்கு நாளுக்கு 200 மில்லிகிராம் டிஹெச்ஏயாவது வேண்டும் என்பார்கள், பாசி மாத்திரையிலும் அந்த எண்ணைத்தான் தேட வேண்டும்.

உன் தோழி கொடுத்த காட் லிவர் ஆயில் பாட்டிலைத் தொடவே தொடாதே. அது மீனின் ஈரலிலிருந்து எடுப்பது, வைட்டமின் ஏ அதிகம். கர்ப்பத்தில் அது மிஞ்சினால் பிள்ளைக்குக் கெடுதல். சாதாரண மீன் எண்ணெய் வேறு, இது வேறு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைப்பார்கள்.

பிள்ளை கெட்டிக்காரனாகப் பிறக்கும் என்று விளம்பரம் செய்வான், அதற்காகக் காசைக் கொட்டாதே. உங்கள் ஆஸ்திரேலியாவிலேயே சுமார் 2,400 கர்ப்பிணிகளை வைத்து, ஒரு பாதிக்குத் தினம் 800 மில்லிகிராம் டிஹெச்ஏ கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. ஒன்றரை வயதில் பிள்ளைகளின் அறிவிலோ பேச்சிலோ சொல்லும்படியாக வித்தியாசம் இல்லை. அப்புறம் ஏன் போடச் சொல்கிறேன் என்றால், குறைப்பிரசவத்துக்காக. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசுகிற காக்ரேன் குழு 2018-ல் 70 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஒமேகா 3 எடுத்தவர்களில் 37 வாரத்துக்கு முன்பே பிரசவமானவர்கள் நூற்றுக்கு 11.9, எடுக்காதவர்களில் 13.4. பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனாலும் எனக்கு அது போதும்.

வாந்தி அடங்கினதும் மீனுக்கே திரும்பிவிடு. டின்னில் வருகிற சார்டின் நம் சாளையின் உறவுதான். வாடை தெரியாமல் இருக்க எலுமிச்சை பிழிந்து, மிளகு தூக்கலாகப் போட்டுப் புரட்டச் சொல், மாப்பிள்ளைக்கு அது வரும். வாரம் இரண்டு மூன்று தரம் போதும், அந்த நாட்களில் மாத்திரை தேவையில்லை. மெல்போர்னில் சிப்ஸோடு ஃபிளேக் என்று விற்கிறார்களே, அது சுறா. பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். அங்கத்திய உணவுத் தர வாரியமே கர்ப்பிணிகளுக்குச் சுறா என்றால் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம்தான், அந்த இரண்டு வாரமும் வேறு மீன் கூடாது என்கிறது.

இங்கே உன் அம்மா, பிரசவத்துக்கு வரும்போது பால் சுரக்கச் சுறாப்புட்டு செய்து போடுவதென்று திட்டம் போட்டுவிட்டாள். பால் கொடுக்கிற காலத்திலும் சுறா வேண்டாம் என்கிறது அமெரிக்க அரசு. பூண்டுக் குழம்பு வை என்று நான் சொல்லிப் பார்க்கிறேன். நீ ஒன்றும் வாய் திறக்காதே, சண்டை என்னோடு போகட்டும்.

ரத்தம் இளக்குகிற மருந்து ஏதாவது கொடுத்திருந்தால், இந்த மாத்திரையைத் தொடங்கும் முன் டாக்டரைக் கேட்டுக்கொள். வாங்குவதற்கு முன்னால் பாட்டிலின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா