கார் வாங்கப் போகும் மகனுக்கு

கோண்டாவில், யாழ்ப்பாணம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு ஆறாம் மாதம் தொடங்கிவிட்டதால் இனி பஸ்ஸில் வந்துபோவது சரிவராது என்பதும், கார் ஒன்று வாங்கியே ஆக வேண்டும் என்பதும் எனக்கு விளங்குகிறது. 1997ஆம் ஆண்டுக் கொரோலா 110 ஒன்றையும் பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டுகிற 2013ஆம் ஆண்டு ரொயோற்றா அக்குவா ஹைபிரிட் ஒன்றையும் பார்த்து வைத்திருப்பதாகவும், இரண்டுக்கும் 20 இலட்சம் ரூபா வித்தியாசம் என்றும், அதை லீசிங்கில் எடுத்தால் மிச்சமாகும் பெற்றோல் காசே தவணையைக் கட்டிவிடும் என்றும் எழுதியிருக்கிறாய். கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தெட்டு வருடம் கணக்கு எழுதியவளுக்கு அந்தக் கடைசி வரி நித்திரையைக் கெடுத்துவிட்டது.

மாதம் இரண்டு தடவை நீ வவுனியாவிலிருந்து இங்கே வந்துபோனால், ஒரு வழி 140 கிலோமீற்றர் வீதம் 560 ஆகிறது. வவுனியாவுக்குள் ஓடுவதையும் சேர்த்து 1,000 கிலோமீற்றர் என்று வை. பழைய கார் லீற்றருக்கு 10 கிலோமீற்றரும் ஹைபிரிட் 20 கிலோமீற்றரும் ஓடினால் மிச்சம் 50 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 15,000 ரூபா. 20 இலட்சத்துக்கு வருடம் நூற்றுக்கு 15 வட்டி என்று வைத்தால், முதல் மாதத்தின் வட்டி மட்டுமே 25,000 ரூபா; முதலைக் கட்டுவது அதற்கு மேல். இன்னொன்றையும் கவனி. பிறேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பற்றரியில் சேர்த்துத் திரும்பக் கொடுப்பதால்தான் ஹைபிரிட் காரில் பெற்றோல் பெருமளவு மிச்சமாகிறது. கொழும்பு நெரிசலில் அது பெரிய இலாபம். ஏ9 வீதியில் ஒரே வேகத்தில் ஓடிவருகிறவனுக்கு அந்த 50 லீற்றரும் குறைந்துவிடும்.

பெற்றோல் செலவைத்தான் ஓட்டும் செலவு என்று நாங்களும் ஒரு காலத்தில் நினைத்திருந்தோம். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது அப்பாவின் ஒஸ்ரின் ஏ40, சில துளி பெற்றோலில் ஸ்ராற் ஆகி மண்ணெண்ணெயில் ஓடியது உனக்குக் கதையாகத் தெரியும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் ரிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியதையும், பிறகு எஞ்சினைப் பிரித்துச் செய்வித்ததற்குத் தாலிக்கொடி அடகுக்குப் போனதையும் என் கணக்குக் கொப்பிதான் அறியும். அதே கொப்பியில், 1995 செப்ரெம்பரில், “ரேடியேற்றர் குழாய், அடுத்த மாதம்” என்று ஒரு வரி இருக்கிறது. அடுத்த மாதம் 30ஆம் திகதி இரவு, போருக்குப் பயந்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிக்கு இப்பால் ஊர்ந்த நெரிசலில் அந்தக் குழாய் வெடித்தது. பழைய சைக்கிள் ரியூப்பைச் சுற்றிக் கட்டி, அப்பாச்சியை உள்ளே இருத்தி, விடியும்வரை தள்ளினோம். பிற்போட்ட சின்னச் செலவு எந்த இடத்தில் வந்து நிற்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, தம்பி.

அதனால்தான் பழைய காரை நீ மலிவென்று நினைப்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. இறப்பர் ஓடிய தூரத்தால் மட்டுமன்றி வயதாலும் பழுதாகும். 110இன் எஞ்சினில் ரைமிங் பெல்ற் என்ற இறப்பர்ப் பட்டி இருக்கிறது. மாற்றிய பற்றுச்சீட்டு இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு அந்தச் செலவை விலையோடு கூட்டு. உப்புக் காற்றில் நின்ற வண்டியென்றால் தரைவிரிப்பைத் தூக்கிக் கறள் பார். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு விட்டு வந்தவர்களா என்றும் கேள். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு அங்கேயும் படிந்து எஞ்சினைச் சூடாக்கும்.

அக்குவாவுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அதில் ஃபான் பெல்ற் இல்லை, தனி ஸ்ராற்றர் இல்லை, பிறேக் பாட்களும் நீண்ட நாள் உழைக்கும். 2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் முறை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில் அது வைத்திருந்தவர்கள் வேலைக்குப் போய்வந்தார்கள். ஆனால் பின் இருக்கையின் கீழ் இருக்கும் 144 வோல்ற் பற்றரி 20 துண்டுகள் சேர்ந்தது; காரின் உள்ளே இருக்கும் காற்றை இழுத்துத்தான் அது குளிர்கிறது. காற்று போகும் வாயில் தூசி அடைத்திருந்தால் எங்கள் வெயிலில் அது சீக்கிரம் களைத்துவிடும். பழுதான துண்டை மட்டும் மாற்றித் தந்தால் மலிவுதான். அதே வயதுள்ள மற்றத் துண்டுகள் பிறகு ஒவ்வொன்றாக விழும். பழைய கார் மாதாமாதம் கொஞ்சம் கேட்கும். இது சத்தமில்லாமல் இருந்து ஒரே நாளில் இலட்சக்கணக்கில் கேட்கும். தவணை கட்டுகிற கையில் அந்த நாளில் காசு இருக்காது.

விற்கும்போது விலை வரும் என்ற நம்பிக்கையையும் கணக்கில் சேர்க்காதே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை ஏற ஒரு பெரிய காரணம்; 2025 பெப்ரவரியில் அந்தத் தடை நீங்கிவிட்டது.

என் மனம் மூன்றாவது ஒன்றில் நிற்கிறது. 2000களின் தொடக்கத்தில் வந்த கொரோலா 121ஐத் தேடு. 1,500 சிசி எஞ்சினில் பெல்ற்றுக்குப் பதில் சங்கிலி இருக்கிறது, ஹைபிரிட் பற்றரி இல்லை, இதன் வேலை தெரியாத கராஜ் வடக்கில் இல்லை. மோதும்போது விரியும் காற்றுப்பையும், பிறேக்கில் சில்லு இறுகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ளதாகப் பார். குழந்தை ஏறப்போகும் வண்டியில் அந்த இரண்டுக்காகக் கூடக் கொடுக்கும் காசை நான் செலவென்று எழுத மாட்டேன். விலை 110ஐ விடக் கூட வந்தால் என்னிடமுள்ள நிலையான வைப்பில் 6 இலட்சம் தருகிறேன், வட்டி வேண்டாம். மாதம் 15,000 ரூபாவைத் திருத்தச் செலவுக்கென்று தனிக் கணக்கில் போட்டு வா. மருமகளின் பெயரில் திறந்தால் எடுக்க யோசிப்பாய்.

பார்க்கப் போகும் நாளில் விடியவே போ, எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. குளிர்ந்த எஞ்சினை நீயே ஸ்ராற் செய்து புகையின் நிறத்தைப் பார். ஓடிய தூரம் காட்டும் மீற்றரைப் பின்னுக்குத் திருப்பியிருக்கலாம். அதனால் பிறேக் மிதியின் இறப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்றும் பார். வரும் சனிக்கிழமை அப்பா நம் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் வருவார். அதுவரைக்கும் எவருக்கும் முற்பணம் கொடுக்காதே.

மருமகளுக்கு முருங்கையிலைப் பொடியும் நல்லெண்ணெயும் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா