உலை உதாரணம் வேணாம்டா

கண்ணா,

ஞாயித்துக்கிழமை போன்ல பாப்பா ஸ்கூல் ப்ராஜெக்டுக்கு கண்டம் ஏன் பாட்டி நகருதுன்னு கேட்டாளே, நானும் பழக்கதோஷத்துல உலை கொதிக்கறப்போ அரிசி மேல வந்து சுத்தி கீழ போகும்ல அந்த மாதிரின்னு சொல்லி வச்சிட்டேன், அப்புறம் ராத்திரி தூக்கமே வரல. முப்பது வருஷம் க்ளாஸ்ல இத தான் சொன்னேன், உனக்கும் இத தான் சொல்லிக்குடுத்தேன். பாதி தான் சரி.

மொதல்ல, பூமியோட மேலோட்டுக்குக் கீழ இருக்க மேன்டில் நெருப்புக் குழம்பு கிடையாது. 2900 கி.மீ. ஆழம் வரைக்கும் கெட்டிப் பாறை, ஆனா அந்த சூட்டுலயும் அழுத்தத்துலயும் லட்சக்கணக்கான வருஷத்துல மெதுவா நகரும். பூமி உருவானப்போ மிஞ்சின சூடு, யுரேனியம் தோரியம் பொட்டாசியம் சிதையுறதுல வர்ற சூடு, ரெண்டும் சேந்து தான் அடுப்பு. சூடானது ஏறும், ஆறினது இறங்கும், அதுவரைக்கும் உலை சரி. வெகனர்ங்கற ஜெர்மன் விஞ்ஞானி 1912லயே கண்டம் நகருதுன்னு சொல்லிட்டார், எது நகர்த்துதுன்னு கேட்டவங்களுக்கு தான் சரியா பதில் சொல்ல முடியல, பாவம் 1930ல கிரீன்லாந்து பனியிலயே போய்ட்டார்.

நான் தப்பு பண்ணது எங்கன்னா, கீழ ஓடுற பாறை, மேல இருக்க தட்ட, அதான் கண்டமும் கடல்தரையும் சேந்த பெரிய பாறைப் பலகைய, ட்ராலி மாதிரி தூக்கிட்டு போகுதுன்னு போர்டுல படம் போட்டேன். தட்டே அந்த சுழற்சியோட ஆறிப்போன மேல்பாகம் தான்டா. நீ சின்ன வயசுல மொட்டமாடி சுவர்ல ஈரப் போர்வைய கோணலா போட்டுட்டு வருவியே, வெளிய தொங்குற பக்கத்தோட கனம் மிச்சத்தையும் இழுத்து கீழ் வீட்டு செடி மேல விழும்ல, அதே தான். கடல் தட்டு நடுக்கடல் மலைத்தொடர்ல சூடா பொறந்து, கோடிக்கணக்கான வருஷம் ஆறி கனமாகி, ஓரத்துல மேன்டிலுக்குள்ள மூழ்கும், மூழ்கற பாகம் மிச்சத்த இழுக்கும். இந்த இழுப்புக்கு தான் பெரிய பங்குன்னு இப்போ சொல்றாங்க.

உன் பெர்த்தும் ஆஸ்திரேலியாவோட சேந்து வருஷத்துக்கு 7 செ.மீ. வடகிழக்கா போயிட்டு இருக்கு, ஜாவா பக்கத்துல கடலடியில இருக்க நீளமான பள்ளத்துல, அகழின்னு சொல்வாங்க, தட்டோட ஓரம் இறங்கி இழுக்கறதும் அதுக்கு ஒரு காரணம். அதனால அங்க மேப்ல இடத்தக் குறிக்கற கணக்கையே மாத்தினாங்களே, 1994க்கும் 2020க்கும் 1.8 மீட்டர் வித்தியாசம்.

அந்த அகழி அப்படியே சுமத்ரா, அந்தமான் வரைக்கும் வருது. 2004 டிசம்பர் 26, இறங்குற தட்டோட ரொம்ப நாளா மாட்டிக்கிட்டு வளைஞ்சிருந்த மேல்தட்டு திடீர்னு விட்டுச்சு, கடல் எழும்பிருச்சு. அன்னைக்கு நீ மெரினாவுக்கு கிரிக்கெட் ஆட கிளம்பி நின்ன, இட்லி சாப்ட்டு போடான்னு நான் பிடிச்சு வச்சேன், நீ மொறைச்சுக்கிட்டே சாப்ட்ட. இத பாப்பாகிட்ட இப்போ சொல்லாத, பயப்படுவா.

உலைய விட்டுட்டு போர்வைய வச்சே செஞ்சு காட்டு. நல்லா நனைச்சு போடு, ஒரு பக்கம் கூடுதலா தொங்கணும். கீழ யாரோட தொட்டியும் இல்லாம பாத்துக்கோ.

அம்மா