பயப்படுகிற நாளில்

அன்பு மகளுக்கு,

கர்த்தருக்குள் அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். முழங்கால் வலி பரவாயில்லை, மாத்திரையை நிறுத்தவில்லை. தம்பி வீட்டில் எல்லோரும் சுகம். சின்னவன் ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கினான். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வருவது வேறாக இருக்கிறது.

மூன்று ஞாயிறாக நீ பேசவில்லை. வேலை இருக்கும், தெரியும். இருந்தாலும் ஆராதனை முடிந்து வந்ததும் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். ஒரு நிமிடம் பேசினால் போதும். சரியாகத் தூங்குகிறாயா? உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா.

மாப்பிள்ளை போன வாரம் பேசினார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே. ஏதோ ஒரு நாள் குறித்துக் கொடுத்தார்களாம், நீ போகவில்லையாம். அடுத்துக் குறித்த நாளும் தாண்டிவிட்டதாம். அவ்வளவுதான் சொன்னார், நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கப்போவதில்லை. உனக்கு இந்த வருடம் 41 முடிகிறது. அந்தக் கணக்கு எனக்கும் தெரியும், அதனால் சொல்கிறேன்.

அன்று ராத்திரி அம்மாவின் வேதாகமத்தை எடுத்தேன். 22 வருடமாக அதை நான் திறந்ததில்லை. சங்கீதம் 56-ல் அடையாளத்துக்கு ஒரு மாத்திரை அட்டை வைத்திருக்கிறாள். பத்துக் குழியும் காலி, வெள்ளித்தாள் கிழிந்து கிடக்கிறது. மூன்றாம் வசனம் உனக்குத் தெரிந்ததுதான்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." வசனம் முழுவதற்கும் அவள் கோடு போடவில்லை. 'பயப்படுகிற நாளில்' என்பதற்குக் கீழே மட்டும் பென்சில் கோடு. அதுவும் நேராக இல்லை. கடைசி மாதங்களில் அவள் கை எப்படி நடுங்கும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம்.

எத்தனை ஜெபக்கூட்டத்தில் அந்த வசனத்தை எடுத்துப் பேசியிருக்கிறேன்! என் காதில் விழுந்ததெல்லாம் 'நம்புவேன்' மட்டும்தான். பயம் போன பிறகுதான் நம்பிக்கை வரும், பயம் இருக்கிற இடத்தில் விசுவாசம் நிற்காது என்றே நினைத்திருந்தேன். அம்மா பயந்த வார்த்தைக்கு அல்லவா கோடு போட்டிருக்கிறாள்.

அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் பார். பெலிஸ்தர் தாவீதைக் காத் ஊரில் பிடித்தபோது பாடியது என்று இருக்கும். காத் எது? கோலியாத்தின் சொந்த ஊர். சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடியவன், கோலியாத்தின் பட்டயத்தையே கையில் வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குள் போய் மாட்டிக்கொண்டான். முதலாம் சாமுவேல் 21-ஐ நிதானமாக வாசி. ஆகீஸ் ராஜாவுக்கு மிகவும் பயந்து, பித்துப்பிடித்தவன்போல வாசற்கதவுகளைக் கீறினான், வாய்நுரையைத் தாடியில் வழியவிட்டான். ராட்சதனைக் கல்லால் அடித்த அதே ஆள். இந்த வசனம் அந்த ஆளுடைய வாயிலிருந்து வந்ததுதான். சிறு பிள்ளைகளுக்குக் கோலியாத் கதையைச் சொல்கிறோம், இதைச் சொல்வதில்லை. உனக்கும் நான் சொன்னதில்லை.

உனக்குச் சொன்னது வேறு. அந்த நீல டார்ச் ஞாபகம் இருக்கிறதா? உனக்கு எட்டு வயது. இருட்டில் பின்பக்கம் போகமாட்டேன் என்று அழுதாய், நான் டார்ச்சைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்ற வசனத்தை 50 தடவை எழுதச் சொன்னேன். எழுதி முடித்துவிட்டு நீ இருட்டில் போனாய், தைரியசாலி என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். பயம் போயிற்றா என்று நான் கேட்கவே இல்லை. பயந்தால் அப்பாவிடம் சொல்லக் கூடாது என்பதைத்தான் அன்றைக்கு நீ கற்றுக்கொண்டிருப்பாய். அந்த வசனத்தின் மறுபாதியில் பலமும் அன்பும் தெளிந்த புத்தியும் இருக்கின்றன. பவுல் அதைக் கண்ணீர் விட்ட தீமோத்தேயுவுக்கு, பிரியமான குமாரன் என்று அழைத்து எழுதினார். நான் அதைப் பிரம்பாக எடுத்துக்கொண்டேன்.

வேதாகமத்தில் 'பயப்படாதே' என்று 365 தடவை வருகிறது, நாளுக்கு ஒன்று என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். நானும் சொன்னவன்தான். பிறகு எந்த வார்த்தை எங்கெங்கே வருகிறது என்று காட்டுகிற ஒத்தவாக்கிய அகராதியை வைத்து எண்ணிப் பார்த்தேன், அவ்வளவு வரவில்லை. ஆனால் ஒன்று கண்ணில் பட்டது. பல இடங்களில் அந்த வார்த்தையை ஒட்டியே 'நான் உன்னுடனே இருக்கிறேன்' என்று வருகிறது. ஈசாக்குக்கு அப்படி, எரேமியாவுக்கு அப்படி, ஏசாயா 41:10-லும் அப்படி. வெறுமனே பயப்படாதே என்று சொல்லிவிட்டு அவர் தள்ளி நிற்பதில்லை. நான் அப்படித்தான் நின்றேன்.

சரி, சாப்பிடுகிறாயா? எலியா தீர்க்கதரிசி யேசபேல் ராணிக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே" என்றபோது, தூதன் வந்து கண்டிக்கவில்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். மறுபடி தூங்கவிட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். எனவே சாப்பிடு, தூங்கு. மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. லூக்கா வைத்தியர். பவுல் அவரைப் 'பிரியமான வைத்தியன்' என்றே எழுதுகிறார், கடைசிக் காலத்திலும் அவர்தான் பவுலோடு இருந்தார். குறித்த நாளில் போவது நல்லது. எந்த விஷயமானாலும் பொதுவாகச் சொல்கிறேன்.

பொதுவாக என்று எழுதிவிட்டேன். அது பொய். அழித்து எழுதவும் மனம் வரவில்லை.

அம்மாவும் முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னாள். ஏழு மாதம் சொன்னாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஜெபிப்போம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றேன். கேட்டவர்கள் எல்லோரும் என் விசுவாசத்தைப் பாராட்டினார்கள். மகளே, எனக்குப் பயம். அந்த அறைக்குள் போய் அந்த வார்த்தையைக் கேட்கப் பயம். அதற்கு ஜெபம் என்று பெயர் வைத்து ஏழு மாதம் ஓட்டினேன். முன்னாலேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. போகாமல் வைத்தது நான்.

இன்னொன்றும் இருக்கிறது. கடைசி ராத்திரி, அப்பா விடிய விடிய ஜெபித்தார் என்று நீ இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாய். நான் ஜெபிக்கவில்லை. ஆஸ்பத்திரிப் படிக்கட்டில், இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கைப்பிடியில் பெயின்ட் உரிந்திருந்தது, அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன். ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. உள்ளே போனால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். 19 வயதில் நீ தனியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு 23-ஆம் சங்கீதம் வாசித்தாய். நர்ஸ் பிறகு என்னிடம் சொன்னாள், உங்கள் பெண்ணின் குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை என்று. எனக்குப் பெருமையாக இருந்தது, அவமானமாகவும் இருந்தது. "நீங்கள் ஒரு மணி நேரமாவது என்னோடேகூட விழித்திருக்கக்கூடாதா" என்று ஆண்டவர் சீஷர்களிடம் கேட்கிற இடம் வரும்போதெல்லாம் வாசிப்பதை நிறுத்திவிடுகிறேன்.

அங்கே, கெத்செமனேயில், ஆண்டவரே திகிலடைந்து வியாகுலப்பட்டார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். அதை எழுதாமல் விட்டிருக்கலாம், விடவில்லை. அவருக்கு நம் பயம் புதிதல்ல. நீ கை நடுங்கிக்கொண்டு போனாலும் அவருக்குத் தெரிந்த நடுக்கம்தான். பயம் தெளியட்டும் என்று காத்திருக்காதே. நான் காத்திருந்து பார்த்துவிட்டேன், தெளியாது. பயத்தோடேயே போ. தனியாகப் போக வேண்டாம்.

அடுத்து என்ன நாள் என்று மட்டும் சொல். நான் முந்தின நாளே வந்துவிடுகிறேன். முழங்காலைப் பற்றி யோசிக்காதே, தம்பி வண்டி ஏற்றிவிடுவான். அம்மாவின் வேதாகமத்தை எடுத்துவருகிறேன், மாத்திரை அட்டையை எடுக்காமல் அப்படியே. உள்ளே விட்டால் உள்ளே வருவேன். விடாவிட்டால் கதவுக்குப் பக்கத்தில் நாற்காலியில் இருப்பேன். நீ வெளியே வரும்போது முதலில் என் முகம் தெரிகிற மாதிரி இருப்பேன்.

போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. எத்தனை மணியானாலும் கூப்பிடு. மாப்பிள்ளைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

அப்பா