துப்பை வெட்டிவிட்டுப் படத்தைக் காட்டாதீர்கள்: பழைய படங்களின் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய தமிழ்ப் படங்களின் உரிமையை வைத்திருப்போருக்கும், அவர்களிடமிருந்து உரிமை பெற்று அவற்றை இணையத்தில் ஏற்றிவரும் நிறுவனத்தாருக்கும் வணக்கம்.

நாங்கள் திருச்சியைச் சேர்ந்த நண்பர்கள் சிலர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பழைய துப்பறியும் படம் ஒன்றையோ திகில் படம் ஒன்றையோ பார்ப்பதும், பார்த்து முடித்ததும் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும் வரை அதைப் பற்றி வாதிடுவதும் எங்கள் வழக்கம். எங்களில் ஒருவர் திரையரங்கில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருவர் பள்ளி ஆசிரியை. மற்றவர்கள் வங்கியிலும் மருந்துக்கடையிலும் நீதிமன்ற அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்கள். நீங்கள் கட்டணமில்லாமல் பார்க்கக் கொடுத்திருக்காவிட்டால் இந்தப் படங்களில் பாதியை எங்களால் பார்த்திருக்கவே முடியாது. அதற்கு முதலில் எங்கள் நன்றி. ஆனால் குடும்பப் படத்தையும் புராணப் படத்தையும் எப்படிக் கத்தரித்து, நீட்டி, வெளுத்து ஏற்றுகிறீர்களோ அப்படியே துப்பறியும் படத்தையும் ஏற்றிவிடுகிறீர்கள். மற்றப் படங்கள் அதை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. இந்த வகைப் படம் தாங்குவதில்லை. இந்த மடல் அதைப் பற்றியதுதான்.

குடும்பக் கதையில் இரண்டு நிமிடம் காணாமற்போனால், அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம். துப்பறியும் படத்தில் அந்த இரண்டு நிமிடத்தில்தான் துப்பு இருக்கக்கூடும். வேலைக்காரர் ஒருவர் விளக்கை அணைத்துவிட்டுப் போவார். யாரோ ஒருவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பேச்சோடு பேச்சாக ஓர் ஊர்ப் பெயர் வந்து போகும். பார்ப்பவர் கண்ணில் பட வேண்டும், ஆனால் கருத்தில் தங்கக் கூடாது என்பதற்காக இயக்குநர் இவற்றை ஒன்றுமில்லாதவைபோல வைத்திருப்பார். படத்தின் நீளத்தைக் குறைக்க உட்காருபவர் எதை எடுப்பார்? ஒன்றுமில்லாததுபோலத் தெரிவதைத்தான் எடுப்பார். ஆக, இந்த வகைப் படத்தில் கத்தரி போய் விழும் இடம் பெரும்பாலும் அதன் உயிர்நிலையாகவே இருந்துவிடுகிறது.

'அந்த நாள்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி.எம். தயாரித்து, 1954இல் வெளிவந்த படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. ஜப்பானியர் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜனாக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். அப்போதே பெயர் பெற்றுவிட்ட ஒரு நாயகனை வசனம் பேச விடாமல் முதலில் சாகடித்துவிட்டுக் கதையை ஆரம்பிக்கும் துணிச்சல் இன்றைக்கும் எத்தனை பேருக்கு வரும் என்று தெரியவில்லை. பிறகு மனைவி, தம்பி, தம்பி மனைவி, நடனக்காரி, பக்கத்து வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவராகத் தங்கள் பக்கத்தைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவர் வாயிலிருந்தும் ஒரு புது ராஜன் வெளிப்படுகிறான். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் படத்தின் திரைக்கதை வசனத்தையும் எழுதியவர்.

இந்தப் படத்தைப் பார்த்த இரவு எங்களுக்குள் நடந்த வாக்குவாதத்தைச் சொன்னால், முழுப் பிரதி ஏன் வேண்டும் என்பது உங்களுக்குப் புரியும். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' படத்தைப் பார்த்து எடுத்ததுதானே இது என்று வங்கி நண்பர் ஆரம்பித்தார். ஆசிரியை ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் படத்தில் ஒரே நிகழ்ச்சியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். உண்மை எது என்பதே கடைசி வரை நழுவிக்கொண்டிருக்கிறது. 'அந்த நாள்' படத்தில் உண்மை ஒன்றுதான். அதைக் கண்டுபிடிக்க முடியும், கண்டுபிடித்தும் விடுகிறார்கள். ஒவ்வொரு வாக்குமூலமும் கொலையைப் பற்றிச் சொல்வதைவிடக் கொலையுண்டவனைப் பற்றியே அதிகம் சொல்கிறது. ஆகவே, அந்தப் படத்திடமிருந்து வாங்கியது வடிவம் மட்டுமே, வினா வேறு என்பது அவருடைய வாதம். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. ஆனால் இந்த வழக்கை முடித்துவைக்க ஒவ்வொரு வாக்குமூலத்தையும் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை பார்த்தாக வேண்டும். ஒருவருடைய வாக்குமூலத்தின் நடுவில் படம் துள்ளி அடுத்த காட்சிக்குப் போய்விட்டால், சாட்சி பொய் சொன்னாரா, படத்தை ஏற்றியவர் வெட்டினாரா என்று நாங்கள் எப்படித் தீர்மானிப்பது?

பல பழைய படங்களில் இந்தத் துள்ளல் எங்கே வருகிறது என்று கவனித்தோம். ஏறக்குறைய படத்தின் மூன்றில் ஒரு பங்கிலோ பாதியிலோ, ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குரல் அறுந்து, அடுத்த நொடி வேறொரு சொல்லில் தொடங்கும். முன்பு விசிடியாக வந்தபோது ஒரு தட்டு முடிந்து மறு தட்டு தொடங்கிய இடம் அது என்பது எங்கள் ஆபரேட்டர் நண்பரின் முடிவு. நெகட்டிவ்வையோ நல்ல பிரிண்டையோ தேடாமல், விசிடியையே ஒட்டிப்போட்டு, மேலே 'எச்.டி.' என்று எழுதி ஏற்றியிருக்கிறார்கள்.

படம் முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அவரே ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். படத்துக்கு முன்னால் வரும் சென்சார் சான்றிதழில் ரீல் எண்ணிக்கையோடு மொத்த நீளமும் குறிக்கப்பட்டிருக்கும். 35 மி.மீ. படம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 13,500 அடி என்று சான்றிதழ் சொன்னால் படம் 150 நிமிடம் ஓட வேண்டும். இணையத்தில் 131 நிமிடம்தான் ஓடுகிறது என்றால், மீதி எங்கே என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இதில் ஒரு சலுகையும் தர வேண்டும்: விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓட வேண்டிய படத்தைத் தொலைக்காட்சிக்காக 25 ஆக்கினால், ஒரு காட்சியும் வெட்டாமலே 150 நிமிடம் 144 ஆகிவிடும். அதனால் எல்லாருடைய குரலும் ஒரு பிடி உயர்ந்து கேட்கும் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தச் சான்றிதழையே டைட்டிலோடு சேர்த்து வெட்டி எறிந்துவிட்டு, உங்கள் நிறுவனத்தின் பெயரைச் சுழலவிட்டுப் படத்தைத் தொடங்குகிறீர்கள். தடயத்தை அழித்தபின் வழக்கை நடத்துவது எப்படி என்று எங்கள் நீதிமன்ற நண்பர் கேட்கிறார்.

முன்னால் வெட்டுவதுபோலவே பின்னாலும் வெட்டுகிறீர்கள். அதே பாலசந்தர் 1964இல் எடுத்த 'பொம்மை' படத்தில், வெடிகுண்டு வைத்த பொம்மை ஒன்று கைமாறிக் கைமாறி ஊரெல்லாம் சுற்றுகிறது. 'நீயும் பொம்மை நானும் பொம்மை' என்று யேசுதாஸ் பாடியது அந்தப் படத்தில்தான். கதை முடிந்த பின்பு, படத்தில் பணியாற்றிய கலைஞர்களையும் தொழில்நுட்பக்காரர்களையும் பாலசந்தர் திரையிலேயே நமக்கு அறிமுகப்படுத்துவார். கொலைகாரன் பிடிபட்டதும் படம் முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்துபவருக்கு அது வீண் நீளமாகத் தெரியலாம். அத்தனை பேர் செய்த வேலைக்கு ஓர் இயக்குநர் சொன்ன நன்றி அது. அதை எடுத்துவிட யாருக்கும் உரிமை இல்லை என்பது எங்கள் கருத்து.

பாட்டுகளின் கதியும் இதுதான். அதே ஆண்டில் வந்த 'புதிய பறவை' படத்தில் 'பார்த்த ஞாபகம் இல்லையோ' இரண்டு முறை வருகிறது. முதலில் மயக்கும் பாட்டு, இரண்டாவது முறை அதுவே குற்றம்சாட்டும் பாட்டு. ஒரே பாட்டுதானே என்று ஒன்றைத் தூக்கிவிட்டால் கதையின் நரம்பே அறுந்துபோகும். (பாட்டு வந்தாலே விறுவிறுப்பு போய்விடுகிறது என்று சொல்லும் நண்பர்கள் எங்களிலும் உண்டு. இந்தப் படத்துக்கு மட்டும் அவர்கள் வாயைத் திறப்பதில்லை.)

அடுத்தது படத்தின் வடிவம். அந்தக் காலக் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் உயரத்தைவிட அகலம் சற்றே கூடிய, 1.37க்கு 1 என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய தொலைக்காட்சித் திரை 1.78க்கு 1. நடுவில் படமும் இரு பக்கமும் கறுப்புப் பட்டையும் இருந்தால் பார்ப்பவர் குறை சொல்வார் என்று அஞ்சி, படத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறீர்கள். அல்லது மேலும் கீழும் வெட்டுகிறீர்கள். இழுத்தால் எல்லாரும் குண்டாகிவிடுகிறார்கள், சிரித்துவிட்டுப் போகலாம். வெட்டினால் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் போய்விடுகிறது. மேசைமேல் இருக்கும் கோப்பை, தரையில் கிடக்கும் கைக்குட்டை, மாடிப்படியின் மேல்தட்டில் தெரியும் கால்கள் எல்லாம் அந்தப் பங்கில்தான் இருக்கும். கறுப்புப் பட்டையை நாங்கள் மனமாரப் பொறுத்துக்கொள்கிறோம்.

இருட்டையும் விட்டுவைக்க வேண்டுகிறோம். கைப்பேசியில் பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும் என்று வெளிச்சத்தை ஏற்றி ஏற்றி, நள்ளிரவுக் கொலையைப் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்ததுபோல ஆக்கிவிடுகிறார்கள். பாலு மகேந்திரா இயக்கி ஒளிப்பதிவும் செய்த 'மூடுபனி' (1980) படத்தில் கிடைக்கும் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு அவர் முகங்களைப் பாதி நிழலில் விட்டதற்குக் காரணம் இருக்கிறது. பிரதாப் போத்தனின் முகத்தில் எந்தப் பாதி தெரியக்கூடாது என்று ஒளிப்பதிவாளர் முடிவு செய்தாரோ, அந்தப் பாதியை மென்பொருளைக் கொண்டு வெளியே இழுத்துப் போடுவது அவரை மறுத்துப் பேசுவதற்குச் சமம்.

இவை எல்லாவற்றையும்விட எங்களைக் கோபப்படுத்துவது தம்ப்நெயில், அதாவது இணையத்தில் படத்தைத் திறக்கும் முன் தெரியும் முகப்புப் படம். கொலை செய்தது யார் என்ற ஒரே கேள்விக்காக இரண்டரை மணி நேரம் உட்காரப்போகிற ஒருவருக்கு, கையில் கத்தியோடு அந்த ஆளையே முகப்பில் காட்டி, சிவப்பு வட்டமும் போட்டு, கீழே கதைச்சுருக்கத்தில் முடிவையும் எழுதிவைத்தால் அவர் எதற்காகப் படம் பார்ப்பது? எந்தப் படம், எந்தப் பிரதி என்று இங்கே சொல்லப்போவதில்லை; சொன்னால் நாங்களும் அதே தவற்றைச் செய்தவர்களாவோம். இப்போதெல்லாம் எங்கள் கூட்டத்தில், படம் ஓடத் தொடங்கும்வரை வீட்டுக்காரர் தொலைக்காட்சிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவைக்கிறார். 1955இல் வந்த 'லெ தியபோலிக்' என்ற பிரெஞ்சுப் படத்தின் முடிவில், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லி அவர்கள் ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள் என்று எழுத்தில் கேட்டுக்கொண்டார்கள். 1960இல் 'சைக்கோ' வெளியானபோது படம் தொடங்கிய பின் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று அதன் இயக்குநர் ஹிட்ச்காக் அரங்குகளுக்கு நிபந்தனை போட்டார். படத்தை விற்றவர்களே ரகசியத்தைக் காத்தார்கள். அதனால் அவர்களுக்கு வசூல் குறைந்துவிடவில்லை.

இதையெல்லாம் செய்ய உங்களுக்குச் செலவாகும், இலவசமாகப் பார்ப்பவர்கள் கேட்கலாமா என்று நீங்கள் நினைக்கக்கூடும். உங்கள் நன்மைக்காகவே ஒன்றைச் சொல்கிறோம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். கதைக்கும் பாட்டுக்கும் தனிக் கணக்கு உண்டு என்றாலும், 1964இல் வந்த 'புதிய பறவை', 'பொம்மை' போன்ற படங்களுக்கு அந்தக் காலம் 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது. ஆண்டுக்கு ஆண்டு இந்தப் பட்டியல் நீளும். அந்த விசிடியை வைத்திருக்கும் எவரும் உங்களைப்போலவே ஏற்றக்கூடிய நாளில், உங்களிடம் மட்டும் இருக்கப்போவது நெகட்டிவ் ஒன்றுதான். அதுவும் காத்திருக்காது. அந்தக் கால அசிட்டேட் சுருள், சூடும் ஈரப்பதமும் உள்ள அறையில் கிடந்தால் வினிகர் வாடை அடித்துச் சுருங்கி வளையத் தொடங்கும். வாடை வந்தபின் அதை நிறுத்த முடியாது, குளிரூட்டித் தாமதப்படுத்தத்தான் முடியும். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் வழியாக ஏறக்குறைய 2,200 படங்களை மீட்டெடுக்க 363 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்று 2022இல் அறிவிக்கப்பட்டது. பெட்டிகளைத் திறந்து பார்த்து, இருப்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரியப்படுத்துவதற்காவது நீங்கள் முன்வர வேண்டும்.

எல்லாப் படத்தையும் ஒரே நாளில் கேட்கவில்லை. சான்றிதழும் டைட்டிலும் வைத்து, அகலத்தை இழுக்காமல், இருட்டை வெளுக்காமல், முடிவைக் காட்டாத முகப்போடு, முதலில் ஒரே ஒரு படத்தை ஏற்றிப் பாருங்கள். பாலசந்தரின் 'நடு இரவில்' (1970) ஆக அது இருந்தால் எங்களுக்கு மகிழ்ச்சி. ஒரே வீட்டில் அடைபட்ட உறவினர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகும் அந்தப் படத்தில், எந்த நேரத்தில் எந்த அறையில் யார் இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது. நீளத்தைச் சரிபார்க்கவும், துள்ளும் இடங்களை நிமிடம் விநாடியோடு எழுதித் தரவும், முடிவைச் சொல்லாத கதைச்சுருக்கம் எழுதவும் நாங்கள் கூலியில்லாமல் வருகிறோம். ஆபரேட்டர் நண்பர் தம் பழைய நோட்டுப் புத்தகங்களோடு தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
துப்பறியும் படங்களை விடாமல் பார்த்துவரும் நண்பர்கள்,
திருச்சி